ஒரு பேஸிஸ்ட்டுக்காக ஊர் மாறிய பேண்ட்

ஒரு பேண்டின் போட்டோவைப் பார்த்தால் பாடுறவரைத் தெரியும், லீட் கிடார் வாசிக்கிறவரைத் தெரியும், டிரம்மரைக் கூடத் தெரியும். ஓரத்தில் நிற்கிற நாலாவது ஆள் யாருன்னு கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவர்தான் பேஸிஸ்ட். இதில் பாதிக் குற்றம் ஃபிசிக்ஸுடையது. நாலு கம்பி பேஸ் கிடாரின் தடித்த கம்பியை அப்படியே மீட்டினால் வருவது சுமார் 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82. சரியாகப் பாதி. நம்ம போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு அந்த 41-ஐ வெளியே தள்ளும் தெம்பு கிடையாது. அதனால் பாட்டு முழுக்க ஒருத்தர் உயிரைக் கொடுத்து வாசித்திருப்பார், நமக்கு அவர் வாசித்ததே தெரிஞ்சிருக்காது.

அப்படிப்பட்ட ஒரு வாத்தியத்தை வாசித்த ஒரு பையனுக்காக ஒரு பேண்ட் மொத்தமாகப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு 600 கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்குக் குடிபோனது. அந்த பேண்ட் மெட்டாலிகா. அந்தப் பையன் கிளிஃப் பர்ட்டன். இறந்தபோது அவனுக்கு 24 வயசு. நம்ம சூப்பர் சீனியர் வயசில் போய்விட்ட ஒருத்தனை அவர், இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

1962 பிப்ரவரி 10-ல் பிறந்தான் கிளிஃப். ஊர் கலிஃபோர்னியாவில் காஸ்ட்ரோ வேலி. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கும் அமைதியான இடம். அப்பா ரே, அம்மா ஜேன், ஒரு அண்ணன், ஒரு அக்கா. அப்பாதான் வீட்டில் கிளாசிக்கல் இசையை அறிமுகம் செய்தவர். கிளிஃப் முதலில் கற்றுக்கொண்டதும் பியானோதான். இதுவரைக்கும் சாதாரண நடுத்தரக் குடும்பத்துக் கதை.

1975-ல் அண்ணன் ஸ்காட் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனான். ஸ்காட்டுக்கு வயசு 16. கிளிஃபுக்கு 13. அதற்குப் பிறகுதான் கிளிஃப் பேஸ் கிடாரைத் தீவிரமாகக் கையில் எடுத்தான். அண்ணனுக்காக உலகத்திலேயே சிறந்த பேஸிஸ்ட் ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். 13 வயசுப் பையன் துக்கத்தில் சொல்கிற வார்த்தையை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. ஆனால் அவன் தினமும் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். பிரபலமான பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். டூரில் இருக்கும்போதும் வாசிப்பு நிற்கவில்லை.

அவன் கேட்ட இசையின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு பக்கம் பாக்கின் பரோக் இசை. இன்னொரு பக்கம் பிளாக் சாபத்தின் கீஸர் பட்லர், ரஷ்ஷின் கெடி லீ, மோட்டர்ஹெட்டின் லெமி. நடுவில் ஜாஸ் ஃப்யூஷன் வாசிக்கும் ஸ்டான்லி கிளார்க். பள்ளியில் ஈஸி ஸ்ட்ரீட் என்று ஒரு பேண்ட். அதில் உடன் வாசித்த ஜிம் மார்ட்டினும் மைக் போர்டினும் பிற்காலத்தில் ஃபெய்த் நோ மோர் பேண்டில் பெயர் வாங்கியவர்கள். பள்ளி முடிந்து ஹேவர்டில் உள்ள ஷபோ கல்லூரியில் சேர்ந்தபோது அதே ஜிம் மார்ட்டினோடு ஏஜென்ட்ஸ் ஆஃப் மிஸ்ஃபார்ச்சூன் என்று இன்னொரு பேண்ட். 1981-ல் ஊர்ப் பொழுதுபோக்குத் துறை நடத்திய பேண்ட் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார்கள். நம்ம கல்ச்சுரல்ஸ் மாதிரிதான். அன்றைக்கு மேடையில் கிளிஃப் வாசித்த சில துண்டுகள் இரண்டு மூணு வருஷம் கழித்து உலகம் முழுக்க விற்ற ஆல்பங்களில் வந்தன.

வீட்டில் அவனுக்குக் கிடைத்த டீல் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகணும். இசைதான் என் தொழில் என்று கிளிஃப் முடிவாகச் சொன்னபோது அப்பா அம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. கணக்குப் போட்டார்கள். நாலு வருஷம் வாடகையும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அதற்குள் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரியணும். தெரியாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளணும். அவனும் சரி என்று சொல்லிவிட்டான். நாலு வருஷம்! நம்ம வீட்டில் ஒரு டிகிரிக்குக் கொடுக்கிற அதே கெடு. பிளேஸ்மென்ட் சீசனில் உட்கார்ந்து இதை எழுதும்போது இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். எத்தனை வருஷம் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுத்த சுதந்திரம் அது.

இப்போ கதையைக் கொஞ்சம் தெற்கே, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோகணும்.

அங்கே லார்ஸ் உல்ரிக் என்று ஒரு டென்மார்க் பையன். அப்பா டோர்பன் உல்ரிக் பிரபல டென்னிஸ் வீரர். மகனையும் டென்னிஸ் வீரன் ஆக்கும் எண்ணத்தோடு குடும்பம் அமெரிக்கா வந்தது. மகனுக்கோ பிரிட்டனில் அப்போது கிளம்பியிருந்த புது ஹெவி மெட்டல் அலை மேல் பைத்தியம். 1981 கோடையில் டயமண்ட் ஹெட் என்ற பேண்டைப் பார்ப்பதற்காகவே இங்கிலாந்து போய், அந்த பேண்ட் ஆட்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு வந்தவன் அவன். ரீசைக்ளர் என்ற உள்ளூர் விளம்பரப் பத்திரிகையில் தன்னோடு வாசிக்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தான். அதைப் பார்த்து வந்தவன் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட். இரண்டு பேருக்கும் அப்போது 20 வயசு கூட ஆகவில்லை.

பிரையன் ஸ்லேகல் என்ற நண்பர் உள்ளூர் மெட்டல் பேண்டுகளை வைத்து 'மெட்டல் மாசக்கர்' என்று ஒரு தொகுப்பு ஆல்பம் போடப்போவதாகத் தெரிந்ததும், லார்ஸ் தன் பேண்டுக்கும் ஒரு இடம் கேட்டு வாங்கிவிட்டான். அந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி பேண்டே இல்லை. முதலில் டெட்லைன், அப்புறம் புராஜெக்ட் டீம்! பேரும் சொந்தமில்லை. ரான் குவின்டானா என்ற நண்பர் தான் தொடங்கப்போகும் பத்திரிகைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார். அவர் பட்டியலில் இருந்த ஒரு பெயர் மெட்டாலிகா. லார்ஸ் அவரை வேறு பெயர் பக்கம் தள்ளிவிட்டு இதைத் தான் எடுத்துக்கொண்டான். 1982-ல் வந்த ஆல்பத்தின் முதல் பதிப்பில் அந்தப் பெயரிலும் ஒரு எழுத்து கூடுதலாக அச்சாகியிருந்தது தனிக் கூத்து.

லீட் கிடாருக்கு டேவ் மஸ்டெய்ன் வந்தான். பேஸுக்கு ஜேம்ஸின் பள்ளி நண்பன் ரான் மெக்கவ்னி. 1982 மார்ச்சில் அனஹைமில் முதல் கச்சேரி. ஆரம்பத்தில் வாசித்ததில் பெரும்பகுதி டயமண்ட் ஹெட் போன்ற பிரிட்டிஷ் பேண்டுகளின் பாட்டுதான். அந்த பேண்டுகளை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாததால், கேட்டவர்கள் எல்லாம் இவர்களுடைய சொந்தப் பாட்டு என்றே நினைத்தார்கள். இவர்களும் மறுக்கவில்லை. அந்த வருஷம் ஜூலையில் 'நோ லைஃப் டில் லெதர்' என்ற டெமோ கேசட்டைப் பதிவு செய்தார்கள். ரசிகர்கள் கையால் காப்பி எடுத்து, தபாலில் அனுப்பி, மறுபடி காப்பி எடுத்து அது ஊர் ஊராகப் பரவியது. டோரண்ட் வருவதற்கு 20 வருஷம் முன்னாடி நடந்த டோரண்ட்.

ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் இவர்களுக்கு ஒத்துவரவில்லை. அங்கே அப்போது கிளாம் மெட்டல் காலம். ஸ்ப்ரே அடித்த முடி, லிப்ஸ்டிக், இறுக்கமான பளபள பேண்ட். இவர்கள் அழுக்கு ஜீன்ஸில் தலைதெறிக்க வேகமாக வாசித்தால் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு முறை வாசித்தபோதுதான் வேறு மாதிரி கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

இதே 1982-ல் லார்ஸும் ஜேம்ஸும் லாஸ் ஏஞ்சலஸின் விஸ்கி அ கோ கோ கிளப்பில் டிராமா என்ற பேண்டைப் பார்க்கப் போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து பேண்ட். நடுவில் ஒரு கிடார் சோலோ கேட்டது. வாவா பெடலை மிதித்து, டிஸ்டார்ஷன் போட்டு, பயங்கரமாக ஒரு சோலோ. யார் வாசிக்கிறது என்று மேடையில் தேடினால் கிடார் வைத்திருந்த யாருமே அதை வாசிக்கவில்லை. ஓரத்தில் பெல்பாட்டம் போட்ட, சிவப்பு முடி முகத்தை மூடியபடி தலையைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒருத்தன் பேஸ் கிடாரில் வாசித்துக்கொண்டிருந்தான். 1982-ல் பெல்பாட்டம்! அது ஃபேஷனை விட்டுப்போய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அவன் அதைக் கடைசி வரைக்கும் மாற்றவில்லை.

அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று ஈசிஇ மக்களுக்கு ஒரு நிமிஷம். பேஸின் சிக்னலை டிஸ்டார்ஷன் பெடலுக்குள் விட்டால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். நாம் லேபில் பார்த்த அதே கிளிப்பிங்தான். வெட்டுப்பட்ட அலையில் மூல அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, இன்னும் மேலே என்று ஹார்மானிக்ஸ் முளைக்கும். அதாவது 41-ல் புதைந்து கிடந்த ஒலி கிடார் இருக்கும் மாடிக்கு ஏறிவிடும். அதற்கு அப்புறம் வாவா பெடல். அது காலால் நகர்த்தும் ஒரு ஃபில்டர். எந்த அதிர்வெண் தூக்கிக் காட்டப்படணும் என்பதை மிதித்து மிதித்து மாற்றலாம். கேட்க மனிதக் குரல் மாதிரி இருக்கும். கிளிஃப் இவ்வளவையும் பிக் இல்லாமல் வெறும் விரலால் வாசித்தான். அவனுடைய ரிக்கன்பேக்கர் 4001 பேஸின் உள்ளே கம்பெனி கொடுத்த பிக்கப்களை எடுத்துவிட்டு வேறு வேறு பிக்கப்களை மாட்டி வைத்திருந்தான். யாருக்கும் கேட்காத வாத்தியத்தை எல்லாருக்கும் கேட்க வைக்க ஒருத்தன் வன்பொருள் மட்டத்தில் இருந்து உழைத்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லார்ஸும் ஜேம்ஸும் அவனைத் தங்கள் பேண்டுக்கு வரும்படி கேட்டார்கள். உடனே வரவில்லை. டிராமா பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வணிகமாக மாறிக்கொண்டிருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் மனசு இந்தப் பக்கம் சாய்ந்தது. இருந்தாலும் ஒரு நிபந்தனை வைத்தான். லாஸ் ஏஞ்சலஸுக்கு நான் வரமாட்டேன், வேண்டுமானால் நீங்கள் என் ஊருக்கு வாங்க.

ஒரு டெமோ கேசட் தவிர இவர்களிடம் அப்போது பெரிசா ஒன்றும் இல்லைதான். ஆனாலும் சொந்த ஊர், நண்பர்கள், வீடு எல்லாவற்றையும் விட்டு ஒரு பேஸிஸ்ட்டுக்காகக் கிளம்புவது சாதாரண முடிவு இல்லை. டிசம்பரில் மெக்கவ்னி விலகினான். பாவம், அவனிடம்தான் வண்டி இருந்தது, பேண்டின் பாதிச் செலவும் அவன் தலையில்தான். வரலாறு அவனைப் பற்றி இதற்கு மேல் பேசுவதில்லை. 1983 தொடக்கத்தில் மற்றவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் எல் செரிட்டோவில் எக்ஸோடஸ் பேண்டின் மேனேஜர் வாடகைக்கு இருந்த வீட்டில் வந்து இறங்கினார்கள். மார்ச் 5-ஆம் தேதி தி ஸ்டோன் கிளப்பில் கிளிஃப் மெட்டாலிகாவோடு முதல் முறையாக மேடை ஏறினான்.

அடுத்த ஒரு மாதம் சினிமா மாதிரி ஓடும். நியூ ஜெர்சியில் சந்தைக் கடை வைத்து மெட்டல் ரெக்கார்டு விற்றுக்கொண்டிருந்த ஜான் ஸஸூலா கைக்கு அந்த டெமோ கேசட் போய்ச் சேர்ந்தது. கேட்டவர் அவர்களைக் கிளம்பி வரச்சொல்லிப் பணம் அனுப்பினார். வாடகை லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்குப் பயணம். போய் இறங்கி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு ரிகர்சல் கட்டடத்தில் தரையில் படுத்துத் தூங்கினார்கள். ஏப்ரல் 11 காலையில் டேவ் மஸ்டெய்னை எழுப்பி, குடியும் சண்டையும் தாங்கவில்லை என்று சொல்லி, வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். நாலு நாள் பஸ் பயணம். அந்தக் கோபத்தில் அவன் தொடங்கியதுதான் மெகாடெத். எக்ஸோடஸில் இருந்து கிர்க் ஹாமெட் விமானத்தில் வந்து சேர்ந்தான். ஏப்ரல் 16-ல் புது அணியோடு கச்சேரி நடந்துவிட்டது. ஐந்தே நாள்.

மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அவர்கள் வைக்க நினைத்த தலைப்பு இந்த இதழில் அச்சிட முடியாதது. அங்கேயும் முடியவில்லை. விநியோகஸ்தர்கள் மறுத்துவிட்டார்கள். கடுப்பான கிளிஃப், அவங்க எல்லாரையும் கொன்னு போடணும் என்ற பொருளில் எதையோ முணுமுணுக்க, 'கில் எம் ஆல்' என்பதே ஆல்பத்தின் பெயராகிவிட்டது. எந்த கம்பெனியும் முன்வராததால் ஸஸூலாவும் அவர் மனைவியும் மெகாஃபோர்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கி, 1983 ஜூலை 25-ல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் ஐந்தாவது டிராக் 'அனஸ்தீஷியா'. விஸ்கியில் கேட்ட அதே பேஸ் சோலோ. ஆரம்பத்தில் ஒரு குரல், இது பேஸ் சோலோவின் முதல் டேக் என்று அறிவிக்கும். அதையும் வெட்டாமல் ஆல்பத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். புது பேண்டின் முதல் ஆல்பத்தில் நாலு நிமிஷத்தைப் பாட்டே இல்லாமல் பேஸிஸ்ட்டுக்கு எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

ஆனால் 'கில் எம் ஆல்' பாட்டுகள் பெரும்பாலும் கிளிஃப் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவன் பேண்டுக்கு என்ன செய்தான் என்று பார்க்கணும்னா அடுத்த ஆல்பத்துக்குப் போகணும்.

1984 தொடக்கமே சரியில்லை. ஜனவரியில் பாஸ்டனில் வாத்தியங்கள், ஆம்ப்கள் எல்லாம் திருடு போயின. அடுத்த மாதம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஃபிளெமிங் ராஸ்முசென் அங்கே இன்ஜினியர். ஹோட்டலுக்குக் காசில்லை. ராத்திரி முழுக்க ரெக்கார்டிங், பகலில் அங்கேயே தூக்கம்.

அங்கே உருவான 'ரைட் தி லைட்னிங்' ஆல்பத்தின் எட்டுப் பாட்டில் ஆறில் இசையமைத்தவர் பட்டியலில் கிளிஃப் பெயர் இருக்கிறது. ஆல்பம் தொடங்குவது ஒரு அகூஸ்டிக் கிடார் மெட்டோடு. மெட்டல் ஆல்பம்தானா, கேசட்டை மாற்றிப் போட்டுட்டோமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மென்மையான அந்தத் தொடக்கம் கிளிஃப் போட்டது. சில விநாடி கழித்துக் கதவை உடைத்துக்கொண்டு வரும் வேகத்துக்கு அந்த மென்மை எவ்வளவு அவசியம் என்று கேட்டால் புரியும். 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டின் ஆரம்பத்தில் அழுதுகொண்டே வரும் அந்த மெட்டை நான் ரொம்ப நாள் கிடார் என்றே நினைத்திருந்தேன். உலகத்தில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பேஸ். மெட்டாலிகாவுக்கு வருவதற்கு முன்பே அவன் வைத்திருந்த மெட்டு. கடைசியில் வரும் பாட்டே இல்லாத 'தி கால் ஆஃப் க்துலு' எச்.பி. லவ்கிராஃப்டின் கதை உலகத்தில் இருந்து வந்தது. அந்தக் கதைகளை பேண்டுக்குள் கொண்டுவந்ததும் இவன்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் வெளியே தெரியாமல் நடந்தது. மற்றவர்கள் ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றவர்கள். கிளிஃப் ஒருத்தனுக்குத்தான் இசைக் கோட்பாடு ஒழுங்காகத் தெரியும். ஒரு மெட்டுக்கு மேல் இன்னொரு மெட்டை எப்படி அடுக்கினால் இரண்டும் சேர்ந்து நிற்கும் என்பதை ஜேம்ஸ் கற்றுக்கொண்டது அவனிடம்தான். முதல் ஆல்பத்தில் வேகம் மட்டும் இருந்த பேண்ட் இரண்டாவது ஆல்பத்தில் கட்டடம் கட்டத் தொடங்கியது. ஜேம்ஸ் எழுதிய எத்தனையோ பாட்டில் இரட்டைக் கிடார் ஹார்மனி கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிளிஃப் ஞாபகம்தான் வரும். வாசித்தது அவன் இல்லை என்றாலும்.

அதற்கு அப்புறம் எல்லாம் வேகம். 1984 செப்டம்பரில் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம். 1985 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டனில் பல்லாயிரம் பேர் முன்னால் ஒரு மேடை, அதே மாதக் கடைசியில் சொந்த ஊர்ப் பக்கம் ஓக்லண்டில் ஒரு மேடை. மறுநாளே மூன்றாவது ஆல்பத்துக்காகத் திரும்பவும் கோபன்ஹேகன்.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1986 மார்ச் 3-ல் வந்தது. இதில் கிளிஃபைத் தேடிக் கேட்கணும்னா 'ஓரியன்'. எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் வாத்திய இசை. நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் மெதுவாக நடக்க ஆரம்பிக்கும் இடம் ஒன்று வரும். தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்க. கடைசிப் பாட்டான 'டேமேஜ், இன்க்.' தொடக்கத்தில் மிதந்து வரும் ஒலி பேஸில் வாசித்துப் பின்னோக்கி ஓடவிட்டது. அதற்கு அடிப்படை பாக்கின் ஒரு பக்திப் பாடல். வீட்டில் அப்பா போட்டுக் காட்டிய கிளாசிக்கல் இசை சுற்றி வந்து சேர்ந்த இடம் அது.

எம்டிவிக்கு ஒரு வீடியோ கூடக் கொடுக்காமல், ரேடியோ ஆதரவு இல்லாமல் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 29-ஆவது இடம் வரை போனது. அந்த வருஷம் மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை ஓஸி ஆஸ்பர்ன் டூரில் முன்வரிசை பேண்டாக வாசித்தார்கள். நடுவில் ஜேம்ஸ் ஸ்கேட்போர்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கிடார் டெக்னீஷியனை வைத்துச் சமாளித்தார்கள். வீட்டில் போட்ட நாலு வருஷக் கணக்கில் கிளிஃப் ஜெயித்துவிட்டான் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செப்டம்பரில் ஐரோப்பிய டூர். 26-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் கச்சேரி. முடித்துவிட்டு ராத்திரியே கோபன்ஹேகனை நோக்கி பஸ் கிளம்பியது. பஸ்ஸில் படுக்கைகள் அவ்வளவு வசதியாக இல்லை. எது யாருக்கு என்பதில் கிளிஃபும் கிர்க்கும் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். கிளிஃபுக்கு ஸ்பேட் ஏஸ் வந்தது. கிர்க் படுத்திருந்த படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

27-ஆம் தேதி விடியற்காலை, தெற்கு ஸ்வீடனில் டோரார்ப் என்ற சிற்றூருக்கு அருகே பஸ் சாலையில் இருந்து வழுக்கிக் கவிழ்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த கிளிஃப் ஜன்னல் வழியாக வெளியே வீசப்பட்டான். பஸ் அவன் மேல் விழுந்தது. மற்ற மூணு பேரும் பிழைத்தார்கள். சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருந்ததாக டிரைவர் சொன்னார். ஜேம்ஸ் உள்ளாடையோடு அந்தக் குளிரில் சாலையில் நடந்து நடந்து பனியைத் தேடினான். அவன் கண்ணில் எதுவும் படவில்லை. விசாரணை நடந்து டிரைவர் மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது.

அக்டோபர் 7-ல் காஸ்ட்ரோ வேலியில் இறுதிச் சடங்கு. 'ஓரியன்' ஒலித்தது. நண்பர்களோடு அவன் இஷ்டத்துக்கு வாசித்துப் பழகிய மேக்ஸ்வெல் பண்ணையில் சாம்பலைத் தூவினார்கள். நவம்பரில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஐந்து லட்சம் பிரதி விற்றதற்கான கோல்டு சான்றிதழ் பெற்றது. மெட்டாலிகாவுக்கு அதுதான் முதல் கோல்டு. அவன் பார்க்கவில்லை.

பேண்ட் நிற்கவில்லை. அவன் இருந்தால் நிறுத்த விட்டிருக்க மாட்டான் என்று குடும்பமும் நினைத்தது. ஒரு மாதத்தில் ஜேசன் நியூஸ்டெட் வந்தான். 1988-ல் வந்த அடுத்த ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. மெட்டல் ரசிகர்கள் இன்று வரை சண்டை போடும் ஆல்பம் அது. காரணம், மிக்ஸிங்கில் பேஸை அமுக்கி அமுக்கி ஏறக்குறையக் காணாமலே போக்கிவிட்டார்கள். நல்ல ஹெட்ஃபோனிலும் தேடணும். வேண்டுமென்றே செய்தார்களா, துக்கமா, புதுப் பையனைப் பாடாய்ப்படுத்தும் விளையாட்டா என்று ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். எனக்கு எந்த விளக்கமும் முழுசாகத் திருப்தி இல்லை. ஆனால் பேஸுக்காக ஊர் மாறின பேண்ட், பேஸே கேட்காத ஒரு ஆல்பத்தைப் போட்டது என்பது மட்டும் உண்மை. அதே ஆல்பத்தில் 'டு லிவ் இஸ் டு டை' என்ற பாட்டு கிளிஃப் விட்டுப்போன ரிஃப்களில் இருந்து கட்டியது.

அம்மா ஜேன் 1993-ல் இறந்தார். அப்பா ரே ரொம்ப வருஷம் இருந்தார். 2006-ல் விபத்து நடந்த இடத்துக்கு அருகே ரசிகர்கள் நினைவுக் கல் வைத்தார்கள். 2009-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் மெட்டாலிகாவைச் சேர்த்தபோது மகனுக்குப் பதிலாக ரே மேடை ஏறினார். கிளிஃப் பெயரில் வரும் ராயல்டி பணத்தை அவன் படித்த காஸ்ட்ரோ வேலி உயர்நிலைப் பள்ளியில் இசை படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகக் கொடுத்து வந்தார். 2020 ஜனவரியில், 94 வயதில் அவரும் போனார்.

அதற்கு நாலு மாதம் முன்னால், 2019 செப்டம்பரில், சான் ஃபிரான்சிஸ்கோவில் மெட்டாலிகாவும் அந்த ஊரின் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து கச்சேரி செய்தார்கள். இடையில் ஆர்கெஸ்ட்ராவின் தலைமை பேஸ் கலைஞர் ஸ்காட் பிங்கல் முன்னால் வந்தார். கையில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய எலக்ட்ரிக் பேஸ், காலடியில் பெடல்கள். அவர் வாசித்தது 'அனஸ்தீஷியா'.